வளைய மறுக்கும் பலகை

மரத்தில் பாய்மரக் கப்பல் மாதிரி செய்வதற்கான கிட் ஒன்றைத் திறந்தால், உள்ளே ஒரு கட்டு மெல்லிய பலகைக் குச்சிகள் இருக்கும். எல்லாம் ஒரே அகலம், ஒரே தடிமன், அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேர். கூட வரும் கையேடு பலகை பொருத்தும் வேலையை இரண்டு பத்திகளில் முடித்துவிடும். மேலிருந்து தொடங்கு, தண்ணீரில் ஊறவை, வளைத்து ஒட்டு, இடைவெளி விழுந்தால் ஆப்பு மாதிரி ஒரு துண்டு வெட்டிச் செருகு. அவ்வளவுதான். மீதிப் பக்கங்கள் முழுக்க பாய்மரமும் கயிறும் பீரங்கியும்.

எனக்கு இந்த விகிதம் தலைகீழாகப் படுகிறது. கயிறு கட்டுவதற்கு வேண்டியது பொறுமை. நூறு முடிச்சுகளில் ஒன்று சரியில்லை என்றால் அதை அவிழ்த்து மறுபடி கட்டலாம். கப்பலின் உடல்மேல் பலகை போடுவது அப்படியல்ல. ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் உட்காருகிறது. மூன்றாவது வரிசையில் அரை மில்லிமீட்டர் நழுவினால் அது பன்னிரண்டாவது வரிசையில் பெரிதாக வந்து நிற்கும்.

இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த நேரான குச்சியிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் கட்சி. நிஜ மரக்கப்பல் ஒன்றின் பக்கத்திலிருந்து ஒரு பலகையைக் கழற்றித் தரையில் தட்டையாகப் போட்டால், அது நேராக இருக்காது. வாள் மாதிரி பக்கவாட்டில் வளைந்திருக்கும், சில இடங்களில் எஸ் வடிவத்தில்கூட இருக்கும். கப்பல் தச்சர்கள் அகலமான பலகையிலிருந்து அந்த வளைவான வடிவத்தை முதலில் அறுத்து எடுத்தார்கள். பிறகுதான் ஆவியில் வேகவைத்து உடலோடு சேர்த்து வளைத்தார்கள். பலகைக்கு வளைவு பிடிக்கும் திசை ஒன்றுதான், தடிமன் பக்கம். அகலவாக்கில் வளைக்கப் பார்த்தால் அது முரண்டு பிடிக்கும்.

சோதித்துப் பார்க்க மரம்கூட வேண்டாம். ஒரு காகிதப் பட்டையை வெட்டி, மாதிரியின் நடுப்பகுதியில் ஒட்டி, அணியத்தை நோக்கி (அதாவது கப்பலின் முன்புறம்) இழுக்காமல், திருகாமல், அதுவாகப் போகும் வழியில் விடுங்கள். பட்டை மேல்நோக்கி ஏறிப் போகும். கப்பலின் பலகைக் கோடு போகவேண்டிய இடம் அதற்குக் கீழே இருக்கும். வலுக்கட்டாயமாகக் கீழே இழுத்தால் ஒரு விளிம்பு சட்டத்தைவிட்டு (பலகையைத் தாங்கும், விலா எலும்பு மாதிரியான கட்டை) எழும்பி நிற்கும். மரக் குச்சியும் இதையேதான் செய்கிறது. ஊசியடித்து, கிளாம்ப் போட்டு அழுத்தினாலும் பசை காய்ந்த பிறகு அந்த விளிம்பு படிபோலத் துருத்தும். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதைச் சமன் செய்யப் பார்க்கும்போது, ஏற்கெனவே மெல்லிய பலகை இன்னும் மெலிந்து சில இடங்களில் ஓட்டையே விழும்.

அகலமும் ஒரு பிரச்சினை. கப்பலின் உடலை ஒரு பீப்பாயாக நினைத்துக்கொண்டால் இது எளிது. பீப்பாயின் நடுவில் சுற்றளவு அதிகம், முனைகளில் குறைவு, ஆனால் பலகைகளின் எண்ணிக்கை ஒன்றே. ஆகவே ஒவ்வொரு பலகையும் நடுவில் அகலமாகவும் முனைகளில் குறுகியும் இருக்கிறது. கப்பலில் அணியத்துப் பக்கம் இதேதான் நடக்கிறது. பின்புறத்தில் கதை மாறுகிறது. தண்ணீருக்கு அடியில் உடல் உள்வாங்கி, சுக்கானை நோக்கி மெலிந்து போவதால், மேலிருந்து கீல் வரை (அதாவது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) வளைவோடு அளந்தால் நடுப்பகுதியைவிடப் பின்புறத்தில் நீளம் கூடுதலாகவே வருவதுண்டு. எனவே ஒரே பலகை நடுவில் ஓர் அகலம், முன்னே குறுகல், பின்னே சற்று அகலம் என்று மூன்று விதமாக இருக்கவேண்டும். ஐந்து மில்லிமீட்டரில் கடைசிவரை ஒரே சீராக வரும் குச்சிக்கு இது எப்படித் தெரியும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அளவு 1:64, அதாவது நிஜத்தில் அறுபத்துநாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதியில் பக்கவாட்டுத் தடித்த பட்டையின் கீழ்விளிம்பிலிருந்து கீல் வரை 120 மி.மீ. நாலு மி.மீ. அகலப் பலகை போடலாம், நிஜத்தில் அது ஏறத்தாழ பத்து அங்குலம். முப்பது வரிசைகள் வேண்டும். அணியத்தில் அதே தூரம் 75 மி.மீ. என்றால் ஒவ்வொரு பலகையும் அங்கே இரண்டரை மி.மீ. ஆகக் குறுகவேண்டும். பின்புறத்தில் 135 மி.மீ. என்றால் நாலரை. இதெல்லாம் சரி. ஆனால் அணியத்தில் 55 மி.மீ. மட்டுமே இருந்தால் ஒரு பலகைக்கு 1.8 மி.மீ.தான் கிடைக்கும். முழு அகலத்தில் பாதிக்கும் கீழே போகக்கூடாது என்பது மாதிரி செய்பவர்கள் கைக்கொள்ளும் விதி. நிஜக் கப்பலில் காரணம் எளிமையானது: குறுகிய முனையில் ஆணி அடித்தால் மரம் பிளக்கும், ஆணிக்குப் பிடிமானமும் இருக்காது. அப்போது என்ன செய்வது? அணியத்துக்குச் சற்றுமுன் இரண்டு வரிசைகளை ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இரண்டாக வந்த பலகைகளை, முன்னே போகும்போது ஒரே அகலமான பலகை வாங்கிக்கொள்கிறது. பின்புறத்தில் இதற்கு நேரெதிர்: இடம் மிஞ்சினால் இரண்டு வரிசைகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு பலகை நுழைகிறது. இந்த இணைப்புகள் கூர்முனையாக முடியாமல், சதுரமான பல்லாகப் பக்கத்துப் பலகைக்குள் உட்காரவேண்டும். கையேடு சொல்லும் ஆப்புத் துண்டு, ஊசிமுனையோடு முடிவதால்தான் கண்ணை உறுத்துகிறது. எந்தக் கப்பல் தச்சரும் ஊசிமுனையில் ஆணி அடித்திருக்க மாட்டார்.

இதை முப்பது வரிசைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடத் தேவையில்லை. உடலை நாலைந்து பெரிய பட்டைகளாகப் பிரித்துக்கொள்வதே வழி. கறுப்பு நூலையோ மெல்லிய ஒட்டுநாடாவையோ அணியத்திலிருந்து பின்புறம் வரை ஓடவிட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்து, கோடு இயல்பாக விழும்வரை ஏற்றி இறக்குவேன். இந்த வேலைக்கு அவசரம் ஆகாது. முன்னிருந்து பார்த்தால் அழகாக இருக்கும் கோடு, பின்னிருந்து பார்த்தால் இடுப்பு ஒடிந்ததுபோல் தெரியும். நூலை ஒட்டிவைத்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பது என் வழக்கம், முதல்நாள் தெரியாத ஒரு திமில் எப்போதும் கண்ணில் படும். கோடுகள் ஒப்பியதும், ஒவ்வொரு சட்டத்தின்மேலும் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பட்டையின் அகலத்தைக் குறித்து, அதைச் சம பாகமாகப் பிரித்தால் அந்த இடத்தில் பலகையின் அகலம் கிடைத்துவிடும். விசிறிபோல விரியும் கோடுகள் வரைந்த ஒரு தாள் இருந்தால் பிரிப்பது இன்னும் சுலபம்: காகிதத் துண்டைக் கோடுகளின்மேல் நகர்த்தி, இரு முனைகளும் பொருந்தும் இடத்தில் நிறுத்தினால் நடுக் கோடுகள் பங்கைச் சொல்லிவிடும்.

கீலை ஒட்டி வரும் முதல் பலகையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். அதை முன்புறத்தில் மேலே ஏறவிட்டால் மொத்த உடலும் பாழ். ஏறுவதற்கு அது ரொம்ப ஆசைப்படும், ஏனென்றால் நேரான குச்சி இயல்பாகப் போகும் வழி அதுதான். அது ஏறியதும் அதற்குமேல் வரும் ஒவ்வொரு பலகைக்கும் அணியத்தில் இடம் குறைந்துபோகும், கடைசியில் ஐந்தாறு பலகைகள் கூர்மையாகி ஒரே இடத்தில் குவியும். பல மாதிரிகளின் அணியத்தைத் திருப்பிப் பார்த்தால் இந்தக் குவியல் தெரியும். அதனால்தானோ என்னவோ, கீழ்ப்பாகத்தைப் பெயின்ட் அடித்து மூடிவிடும் வழக்கம் இவ்வளவு பரவலாக இருக்கிறது!

இனி அதற்கும் முந்தைய கட்டம். கீலின்மேல் பல்க்ஹெட்டுகளை (சட்டங்களுக்குப் பதிலாகக் கிட்டில் வரும் தட்டையான குறுக்குத் தகடுகள்) செருகி நிறுத்தியதும் கப்பல் ஒரு மீன்முள்போல நிற்கும். உடனே பலகை போடக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தச் சட்டங்களின் விளிம்புகள் செங்குத்தாக வெட்டப்பட்டவை, பலகையோ சாய்ந்து வருகிறது. அணியத்துப் பக்கம் பலகை ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு கூர்முனையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். விளிம்பு முழுக்கப் பலகையோடு படியும்வரை சரிவாக இழைக்கவேண்டும். ஒரு நீளமான, சீரான, நெகிழ்வான குச்சியை உடலின்மேல் படுக்கவைத்து, அது எங்கே எழும்புகிறது, எங்கே தொடாமல் நிற்கிறது என்று பார்ப்பதே சோதனை. எழும்பும் இடத்தைத் தேய், தொடாத இடத்தில் மெல்லிய சில்லு ஒட்டு, மறுபடி வைத்துப் பார். கிடைமட்டமாக மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. குறுக்காகவும் சாய்வாகவும் வைக்கவேண்டும், சாய்வாக வைக்கும்போதுதான் ஒளிந்திருக்கும் பள்ளங்கள் தெரியும். முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே கட்டை வைத்து நிரப்பி, அதையும் வடிவத்துக்கு இழைத்துவிட்டால் அணியத்தில் பலகைக்கு முழு ஆதரவு கிடைக்கும்.

கீலிலும் முன்கட்டையிலும் பின்கட்டையிலும் பலகை உட்காரக் காடி (நீளமான பள்ளம்) எடுப்பது இன்னொன்று. பல கிட்டுகள் இதைச் சொல்வதே இல்லை. பின்கட்டை அருகே இரு பக்கப் பலகைகளும் சேரும்போது அவற்றின் மொத்தத் தடிமன் பின்கட்டையின் தடிமனைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சுக்கான் மெலிந்தும் அதற்கு முன்னுள்ள பகுதி வீங்கியும் தெரியும். அதனால் கீலின் அந்தப் பகுதியைப் பலகை வருவதற்கு முன்பே மெலிதாக இழைத்துவிட வேண்டும். பலகை ஒட்டியபின் இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

வளைப்பதைப் பற்றி ஆளுக்கொரு மந்திரம் வைத்திருப்பார்கள். மரத்தை நெகிழவைப்பது முக்கியமாக வெப்பம்தான். மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகுகிறது, ஆறும்போது புது வடிவத்தில் இறுகுகிறது. ஈரம் இருந்தால் குறைந்த சூட்டிலேயே இளகும், சூட்டை உள்ளே கொண்டுபோகவும் அது உதவும். ஒரு மி.மீ. தடிமன் குச்சியை மணிக்கணக்கில் ஊறவைப்பது வீண், மரம் உப்பிக்கொள்ளும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். ஒருமுறை நனைத்துத் துடைத்துவிட்டு, சூடான இரும்பின்மேல் மெல்லத் தேய்த்து வளைத்தால் போதும். சிலர் அமோனியா ஊற்றுவார்கள். தொழிற்சாலைகளில் மரத்தை ரப்பர்போல் ஆக்குவது நீரில்லாத திரவ அமோனியா. வீட்டில் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், மரத்தைக் கறுக்கவைப்பதும் மூக்கை எரிப்பதும்தான் மிச்சம்.

அகலவாக்கில் வளைக்கவே முடியாதா என்றால், மெல்லிய, குறுகிய பலகையில் ஓரளவு முடியும். பலகையைத் தட்டையாக ஒரு மேசையில் வைத்து, இரு முனைகளையும் கிளாம்ப் போட்டு, நடுவை மெல்ல வெளியே தள்ளி, புரண்டுவிடாமல் மேலிருந்து அழுத்தி, ஹேர் டிரையரால் சூடேற்றி ஆறவிட வேண்டும். கொஞ்சம் திரும்ப விரியும் என்பதால் தேவையைவிடக் கூடுதலாக வளைத்துவைப்பேன். சிறு வளைவுக்கு இது அருமையான வழி, மரமும் மிச்சம். வளைவு அதிகமான இடத்தில் தச்சர் வழிதான். இடைவெளியின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, விளிம்புகளைப் பென்சிலால் தடவி எடுத்து, நாடாவை அகலமான மரத்தாளின்மேல் ஒட்டி, கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டி, கோடு வரை இழைக்கவேண்டும். இப்படி வெட்டிய பலகையை வைத்தவுடன் அது தானாகப் போய் உட்காரும். கிளாம்ப் தேவையில்லை, இரண்டு விரல் போதும். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த நொடி அதுதான்.

பசை விஷயத்தில் எனக்குப் பெரிய கொள்கை இல்லை. சாதாரண மரப்பசை மெதுவாகப் பிடித்தாலும் பலகையை நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் தருகிறது. உடனடிப் பசை அவசரத்துக்கு நல்லது, ஆனால் கசிந்த இடத்தில் மரம் எண்ணெயைக் குடிக்காது, மெருகேற்றும்போது திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் மாறிமாறிப் பலகை போடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்தால் மெல்லிய கீல் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு வளையும்.

இரு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வரவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஸ்வீடனின் வாசா கப்பலைச் சொல்வதுண்டு. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 1961இல் வெளியே எடுக்கப்பட்ட கப்பல். அதை அங்குலம் அங்குலமாக அளந்தபோது இரு பக்கங்களும் ஒன்றுபோல இல்லை என்று தெரிந்தது. கப்பலில் கிடைத்த தச்சர்களின் அளவுகோல்களில் சில ஸ்வீடன் அடி, சில ஆம்ஸ்டர்டாம் அடி. ஓர் அடியில் பன்னிரண்டு அங்குலம், இன்னொன்றில் பதினொன்று! ஆகவே நம் மாதிரியில் அரை மில்லிமீட்டர் மாறினால் பெரிய குற்றமில்லை.

வாசாவில் பலகைக்காரர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. அதைக் கட்டியது டச்சு முறையில். அந்த முறையில் சட்டங்கள் முதலில் வருவதில்லை. கீலை வைத்து, அடிப்பகுதிப் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து, தற்காலிகக் கட்டைகளை ஆணியடித்துப் பிடித்துக்கொண்டு, அடிவடிவம் கிடைத்த பிறகுதான் உள்ளே சட்டங்களைப் பொருத்தினார்கள். பிறகு அந்தக் கட்டைகளைக் கழற்றி, ஆணித்துளைகளைச் சிறு மரமுளைகளால் அடைத்தார்கள். பழைய சிதைவுகளில் அந்த முளைகளைப் பார்த்தே இது டச்சு வேலை என்று தொல்லியலாளர்கள் கண்டுகொள்கிறார்கள். அங்கே வடிவத்தைத் தீர்மானித்தது பலகை.

இன்னும் பின்னால் போனால், பழைய மத்தியதரைக் கடலில் முழுக் கப்பலுமே அப்படித்தான். சைப்ரஸ் தீவின் கைரினியா அருகே 1965இல் ஒரு மூழ்காளர் கண்ட கிரேக்க வணிகக் கப்பல் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். 1968, 1969ஆம் ஆண்டுகளில் அகழ்ந்து எடுத்தார்கள். பலகைகளின் விளிம்பில் வரிசையாகத் துளைகள், துளைக்குள் தனி மரக் கழுந்து, அடுத்த பலகை அந்தக் கழுந்தின்மேல் இறங்கி உட்காருகிறது, பிறகு கழுந்தின் குறுக்கே முளை அடித்து இறுக்குகிறார்கள். சட்டங்கள் பின்னால் வந்தவை. ஆயிரக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்த அந்த உடலை மறுபடி ஒன்றுசேர்த்தவர் ரிச்சர்ட் ஸ்டெஃபி. அவர் கதையை எங்கே பேசினாலும் எனக்கு அலுக்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், பொழுதுபோக்குக்குக் கப்பல் மாதிரிகள் செய்தவர். கடலடித் தொல்லியலாளர்கள் கண்டெடுத்த துண்டுகளை மாதிரி செய்து சோதிக்கலாமே என்று தாமாகப் போய்க் கேட்டு, கடைசியில் அந்தத் துறைக்கே ஓர் அடித்தளம் போட்டார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1985இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற உதவித்தொகையான மக்ஆர்தர் ஃபெல்லோஷிப் கிடைத்தது. 2007இல் காலமானார்.

அவர் செய்ததில் மர்மம் ஏதுமில்லை. வரைபடத்தில் ஒரு பலகையை எங்கே வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம், கோடு எதிர்ப்புச் சொல்லாது. மரத்தில் சிறியதாகச் செய்து பார்த்தால், வடிவம் தவறாக இருக்கும் இடத்தில் பலகை உட்கார மறுக்கும். மறுக்கும் இடத்தைக் கவனித்து ஊகத்தை மாற்றினார், பலகையை நசுக்கவில்லை. நாம் மேசையில் பார்க்கும் அதே முரண்டுதான். ஆனால் அவர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார். பலகை எழும்புகிறது என்றால் ஒன்று அது தவறாக வெட்டப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் அடியில் இருக்கும் சட்டம் தவறு. கூடுதலாக ஒரு கிளாம்ப் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்ப்பது நல்லது.

கிட்டுகளில் இப்போது பரவலாக இருப்பது இரட்டைப் பலகை முறை. அடியில் லைம்வுட் போன்ற மெத்தென்ற மரத்தில் ஒன்றரை மி.மீ. அடுக்கு, அதன்மேல் அரை மி.மீ. தடிமனில் வால்நட் மரத்தின் மெல்லிய தோல். முதல் அடுக்கில் எவ்வளவு தப்பினாலும் மெழுகி, தேய்த்து, மேலே தோல் போர்த்திவிடலாம் என்பது இதன் சௌகரியம். தொடங்குகிறவர்களுக்கு இது நல்ல வலைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல் அடுக்கு எப்படியும் மறையப்போகிறது என்ற அலட்சியத்தில் பலகையின் போக்கைக் கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது. அப்புறம் தெரியப்போகும் இரண்டாவது அடுக்கில்தான் முதன்முறையாகக் கற்கவேண்டி வரும். முதல் அடுக்கையே கடைசி அடுக்கு என்று நினைத்துப் போடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

வால்நட் பற்றியும் ஒரு முணுமுணுப்பு. நிறம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதன் துளைகள் பெரிது. 1:64 அளவில் அந்தத் துளை ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி நுழையும் ஓட்டையாகிவிடும். மஹாகனியும் அப்படித்தான். பேரி மரம், பாக்ஸ்வுட், செர்ரி இவற்றுக்கெல்லாம் நார் நெருக்கம், விளிம்பு கூராக நிற்கும், ரேகை அளவோடு பொருந்தும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மாதிரிக் கலைஞர்களே பேரி மரத்தையும் பாக்ஸ்வுட்டையும் தேடிப் போனதற்குக் காரணம் இருக்கிறது.

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ 1650களிலிருந்து இங்கிலாந்தில் செய்யப்பட்ட போர்க்கப்பல் மாதிரிகளை நேவி போர்டு மாதிரிகள் என்கிறார்கள். பெரும்பாலும் ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 1:48. இவற்றின் விசேஷம், தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே பலகையே கிடையாது. சட்டங்கள் சீரான இடைவெளியோடு அப்படியே தெரியும். மேலே தடித்த பட்டைகள், செதுக்கு வேலை, பொன்பூச்சு எல்லாம் உண்டு. லண்டனின் கிரீனிச்சிலும் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி இருக்கும் அன்னாபோலிசிலும் நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. பலகை போடாமல் விடுவது வேலையைத் தவிர்ப்பதாகாது என்பது அவற்றின் படங்களைப் பார்த்தாலே புரியும். மூட எதுவுமில்லாததால் ஒவ்வொரு சட்டமும் துல்லியமாக இருந்தாகவேண்டும். இன்று சிலர் ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் திறந்த சட்டம் என்று செய்கிறார்கள். பல்க்ஹெட் முறையில் செய்த மாதிரியில் இது எடுபடாது, அந்தத் தட்டைத் தகடுகள் எந்த நிஜக் கப்பலிலும் இல்லாதவை. சட்டம் சட்டமாகச் சேர்த்துக் கட்டிய மாதிரிக்கே பொருந்தும்.

இனி பலகை போட்டு முடித்தபின் வரும் சபலங்கள். முதலாவது மர ஆணி. நிஜத்தில் ஒன்றரை அங்குல விட்டமுள்ள மரமுளை, 1:64இல் 0.6 மி.மீ. மூங்கில் இழையை உருக்குத் தகட்டின் துளைகள் வழியே இழுத்து இழுத்து இந்த அளவுக்கு மெலிய வைக்கலாம். ஆயிரக்கணக்கில் துளையிட்டு அடிக்கலாம். கேள்வி, அது கண்ணுக்குத் தெரியவேண்டுமா என்பது. 1:64 மாதிரியை 30 செ.மீ. தூரத்திலிருந்து பார்ப்பது, நிஜக் கப்பலை 19 மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து, பலகையின் நிறத்திலேயே இருக்கும் ஒரு முளை லேசான நிழலாகத் தெரிந்தால் அதிகம். பல மாதிரிகளில் பார்க்கும் கறுப்புப் புள்ளிகள் கப்பலுக்கு அம்மை போட்டதுபோல் இருக்கின்றன. பலகையைவிட ஒரு சாயல் மட்டும் மாறும் மரத்தில் முளை செய்தால் கிட்டப் போனால் தெரியும், எட்ட நின்றால் மறையும்.

பலகைகளுக்கு நடுவே நாரும் தாரும் திணித்த கோடுகளுக்கும் இதே கணக்குதான். கால் அங்குல இடைவெளி 1:64இல் 0.1 மி.மீ. பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய பென்சிலால் தடவினால் வந்துவிடும். கறுப்பு மார்க்கர் வேண்டாம், மை நாருக்குள் ஓடி மேலே வழியும்.

பலகையின் நீளத்தையும் கவனியுங்கள். அணியத்திலிருந்து பின்புறம் வரை ஒரே குச்சி ஓடினால் அது நிஜத்தில் 40 மீட்டர் மரமாக இருந்திருக்கவேண்டும். நிஜப் பலகைகள் பெரும்பாலும் ஆறு, ஏழு மீட்டரில் முடிந்து, சட்டத்தின்மேல் அடுத்ததோடு முட்டும். அந்த முட்டு மூலைகள் மேலும் கீழும் ஒரே சட்டத்தில் விழுந்தால் அங்கே உடல் பலவீனப்படும். எனவே ஒரே சட்டத்தில் இன்னொரு முட்டு வரவேண்டுமென்றால் நடுவே மூன்று முழு வரிசைகளாவது இருக்கவேண்டும் என்று ஒழுங்கு வைத்திருந்தார்கள். மாதிரியில் இந்த ஒழுங்கைப் பின்பற்றும்போது எனக்கு ஒரு நன்மையும் கிடைக்கிறது: குட்டைப் பலகையை வெட்டிப் பொருத்துவது நீளப் பலகையைவிடப் பலமடங்கு சுலபம்.

அடுத்த சபலம் செப்புத் தகடு. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுக்க ஆங்கிலேயக் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலில் செம்பு போர்த்திப் பரிசோதித்தது. புழு வரவில்லை. ஆனால் செம்பு தொட்ட இடங்களில் இரும்பு ஆணிகள் கடல்நீரில் அரித்துப்போயின. அடியில் இரும்புக்குப் பதிலாகச் செம்புக் கலவை ஆணிகள் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆகவே 1750இல் ஓடிய கப்பலின் மாதிரிக்குச் செம்பு ஒட்டுவது காலப்பிழை. பிற்காலக் கப்பலாக இருந்தால், நாலடி நீளம் பதினாலு அங்குல அகலத் தகடு 1:64இல் 19 மி.மீ. நீளம், ஐந்தரை மி.மீ. அகலம். கடையில் வரும் தகடுகளில் ஆணித்தலைகள் கொப்புளங்களாகத் துருத்தியிருக்கும். நிஜ ஆணிகள் தகட்டோடு சமமாக அடிக்கப்பட்டவை. வழவழப்பான செப்பு நாடாவை வெட்டி ஒட்டினாலே உண்மைக்கு நெருக்கமாக வரும். ஒன்று, செம்பு எல்லாவற்றையும் மறைக்கும் என்று நம்பவேண்டாம். அடியில் இருக்கும் பலகையின் ஒவ்வொரு படியையும் அது இரட்டிப்பாக்கிக் காட்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் அநேகமாக ஆங்கிலேயப் போர்க்கப்பலான விக்டரியை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். 1765இல் மிதக்கவிடப்பட்ட, 1805 டிரஃபால்கர் கடற்போரில் 104 பீரங்கிகளோடு நின்ற கப்பல். மூன்றடுக்குப் பீரங்கிச் சாளரங்களைச் சுற்றிப் பலகை வெட்டுவது முதல் மாதிரிக்கான வேலை அல்ல. அந்தச் சாளரங்கள் தளத்தின் கோட்டைப் பின்பற்றும், பக்கவாட்டுப் பட்டைகள் அதைவிட அதிகமாக வளைந்து ஏறும், இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் அனுபவசாலிகளே திணறுவார்கள். அதற்குப் பதில், பெரிய கப்பல்கள் ஏற்றிச்சென்ற படகு ஒன்றை 1:24 அல்லது 1:48இல் செய்யலாம். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிசைதான், ஆனால் உள்ளும் புறமும் தெரியும், மெழுகும் பெயின்ட்டும் காப்பாற்றாது. கிட்டில் வந்த நேரான குச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மி.மீ. தடிமனில் அகலமான செர்ரி மரத்தாள் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீலை ஒட்டிய பலகையிலிருந்து தொடங்கி, அணியத்தில் அது எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பென்சிலால் முதலில் குறித்துவிட்டு வெட்டுங்கள்.